எல்க் கறி எலும்போரம் கெட்டுப்போனது: காட்டிலேயே குடல் எடுத்து, கறியைச் சுத்தமாக வைப்பது எப்படி?

மலைக்காற்று (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக மனசை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை எழுதுகிறேன். எனக்கு இது மூன்றாவது வேட்டைப் பருவம். உரிமம் எடுத்து, அனுமதி உள்ள நாளில், எல்க் என்ற பெரிய மான் வகையில் நன்கு வளர்ந்த ஆண் ஒன்றைச் சாயங்காலம் சுட்டேன். குண்டு நெஞ்சில் சரியாகப் பட்டது. நாலு எட்டு வைத்து விழுந்துவிட்டது. இருட்டுவதற்குள் வயிற்றைத் திறந்து குடல், ஈரல், நுரையீரல் எல்லாம் எடுத்துவிட்டேன். இரைப்பையில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குமேல் தனியாளாக, தலைவிளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரவு நன்றாகக் குளிரும் என்று தெரியும். நெஞ்சுக்கூட்டைக் குச்சி வைத்து விரித்துவிட்டு, தோலோடு அப்படியே விட்டுவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பினேன்.

விடியும்போது புல் முழுக்க உறைபனி. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். தோலை உரித்துப் பின்தொடையைக் கழற்றும்போது, கத்தி இடுப்பு மூட்டைத் தொட்டதும் ஒரு வாடை வந்தது. கவுச்சி இல்லை அது. அடைத்து வைத்த, புளித்த வாடை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். வெளியே கை விறைக்கும் குளிர், மூட்டுக்குள் இன்னும் வெதுவெதுப்பு! எலும்பை ஒட்டிய கறி சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் இருந்தது. தரையோடு படுத்திருந்த பக்கத்துத் தொடை முழுவதும் போயிற்று. மேல்பக்கத் தொடையில் பாதி. 25 கிலோவுக்குக் குறையாது.

அவ்வளவு பெரிய உயிரை எடுத்துவிட்டு, அதன் கறியைக் காட்டில் விட்டுவிட்டு வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. எங்கே தவறினேன்?

கூர்முனை:

தம்பி, முதலில் ஒன்று. குடல் எடுத்ததில் நீ தவறவில்லை. தவறியது தோலில். எல்க்கைவிடப் பெரிய மானான மூஸை முதலில் வேட்டையாடியபோது எனக்கும் இதே நடந்தது, அதனால் அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும்.

உயிரோடு இருக்கும் எல்க்கின் உடம்புச் சூடு 38, 39 டிகிரி. இதயம் நின்றதும் அந்தச் சூடு எங்கேயும் ஓடிவிடுவதில்லை. பின்தொடைதான் உடம்பிலேயே மிகத் தடிமனான கறி, அதற்கு நடுவே தொடை எலும்பும் இடுப்பு மூட்டும். அதன்மேல் பனிக்காலத்துக்கு வளர்ந்த ரோமம். மான் இனத்தின் ரோமம் உள்ளே காற்றை அடக்கி வைத்திருக்கும். உறைபனியில் படுத்து உறங்கும் விலங்குக்குக் கம்பளியே அதுதான். அந்தக் கம்பளியைப் போர்த்தியபடியேதான் நீ அதை இரவு முழுக்க விட்டிருக்கிறாய். தரையோடு இருந்த பக்கத்துக்குக் காற்றும் கிடையாது, கீழே மண் இன்னொரு மெத்தை. பனிமேல் கிடத்தினாலும் இதே கதிதான், சூட்டில் பனி கொஞ்சம் உருகி உடம்பு அதற்குள் பதிந்துகொள்ளும். பனியில் கிடக்கிறதே, கெடாது என்று நம்பிக் கறியை இழந்தவர்கள் நிறையப் பேர்.

எல்க் அளவுக்குப் பெரிய விலங்கு என்றால், அன்றிரவே தோல் கழன்றாக வேண்டும், கால்கள் உடம்பை விட்டுப் பிரிந்தாக வேண்டும். நேரமே இல்லை என்றால் குறைந்தபட்சம் தொடையின் உட்புறமாக எலும்பு வரைக்கும் நீளமாகக் கீறி, மூட்டைத் திறந்துவிடு. அப்புறம் இரண்டு கட்டைகளைக் கீழே போட்டு உடம்பைத் தரையிலிருந்து தூக்கி வை. அரை மணி நேர வேலை.

பனித்தடம்:

கூர்முனை அண்ணா சொன்னதோடு ஒரு வார்த்தை. நான் சில வருடங்கள் இறைச்சி ஆய்வில் வேலை பார்த்தேன். நலமான விலங்கின் தசைக்கு உள்ளே கிருமி கிட்டத்தட்ட இருக்காது. அழுக்கெல்லாம் வெளியிலிருந்துதான் வரும்: ரோமம், சாணம், இரைப்பையில் உள்ளது, நம் கை, நம் கத்தி. அதனால் கறியின் மேற்பரப்பைக் காப்பாற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எலும்போரப் புளிப்பு மட்டும் இதில் சேராது. அங்கே கொஞ்சம் கிருமி இருந்தாலும், காற்றில்லாத அந்தச் சூட்டில் அது மளமளவென்று பெருகிவிடும்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கறி கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கிருமிக்குக் கொண்டாட்டம். உடல் வெப்பம் சரியாக அந்த எல்லைக்கு நடுவில் இருக்கிறது, பார்த்தீர்களா?

புதுத்தடம்:

நான் இன்னும் ஒரு தடவைகூட வேட்டைக்குப் போகாதவன். இந்த வருடம்தான் மான் உரிமம் கிடைத்திருக்கிறது. குடல் எடுப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. மூத்திரப்பை உடைந்துவிட்டால்? இரைப்பையில் கத்தி பட்டுவிட்டால்? யாராவது பக்கத்தில் நின்று சொல்வது மாதிரி சொல்ல முடியுமா?

வெட்டுப்பலகை:

சொல்கிறேன் தம்பி. நான் கறிக்கடையில் வெட்டிப் பழகியவன், அப்புறம்தான் காட்டுக்குப் போனேன்.

விலங்கு உயிரோடு இல்லை என்று உறுதிசெய். கண்ணைக் குச்சி நுனியால் தொட்டுப் பார், இமைக்கக் கூடாது. துப்பாக்கியில் குண்டை எடுத்துவிடு. கையுறை போடு. மல்லாக்கப் படுக்கவைத்து, தலைப்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி செய்.

முதலில் பின்புறம். மலவாயைச் சுற்றிச் சின்னக் கத்தியால் வட்டமாக, உள்நோக்கி ஆழமாக அறு, குழாய் விடுபடும். அதைக் கொஞ்சம் வெளியே இழுத்து நூலால் இறுக்கிக் கட்டு. பலர் இந்தக் கட்டை விட்டுவிடுவார்கள். அந்த ஒரு முழ நூல் இடுப்புக் கறி முழுவதையும் காப்பாற்றும்.

அப்புறம் வயிறு. நெஞ்செலும்பு முடியும் இடத்தில் தோலைக் கிள்ளித் தூக்கி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை போடு. கத்தியின் முதுகு குடல் பக்கம், கூர் வானம் பார்த்து. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு, வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்து, இரண்டு விரலுக்கும் நடுவே கத்தியை நடத்திக்கொண்டு போ. இரைப்பை விரலுக்குக் கீழேயே நிற்கும். கூர் மேல்நோக்கி இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. தோலை உள்ளேயிருந்து வெளியே அறுத்தால் ரோமம் அறுபடாது, பிளந்து விலகும். மேலேயிருந்து கீழே அறுத்தால் துண்டு துண்டான ரோமம் கறி முழுக்க ஒட்டும். அதைப் பொறுக்கி எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு திரை மாதிரித் தசை இருக்கும், உதரவிதானம். அதை விலா ஓரமாக இருபக்கமும் அறு. தேங்கிய இரத்தம் இங்கேதான் கொட்டும். கையை நெஞ்சுக்குள் முழங்கை வரை விட்டு மூச்சுக்குழலைப் பிடி. சொரசொரவென்று தோட்டத்துக் குழாய் மாதிரி கைக்குத் தட்டுப்படும். அதற்கு மேலே எட்டின மட்டும் உயரத்தில் அறு. அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கத்தி இன்னொரு கையை வெட்டிவிடாமல் நிதானமாகச் செய். இனி மூச்சுக்குழலைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் நுரையீரல், இதயம், இரைப்பை, குடல் எல்லாம் ஒரே கொத்தாக வரும். கடைசியில் மூத்திரப்பை. அதன் கழுத்தை விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டே அறுத்து வெளியே வை. உடம்பைக் கவிழ்த்து மிச்ச இரத்தத்தை வடியவிடு.

கழுத்தை அறுத்து இரத்தம் வடிக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பாய். நெஞ்சில் சுட்ட விலங்குக்கு அது தேவையில்லை. இதயம் நின்றபின் இரத்தத்தைத் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை, அது நெஞ்சுக்கூட்டுக்குள்தான் தேங்கி நிற்கும்.

ஆண் மானின் பின்னங்கால் முட்டியின் உட்புறம் ஒரு கரிய ரோமக் கற்றை இருக்கும், மொச்சை நாற்றம் அடிக்கும். அதைத் தொடவே தொடாதே. தொட்டுவிட்டால் கையுறையை மாற்று, கத்தியைத் துடை. அது தானாகக் கறிக்குப் போவதில்லை, நம் கைதான் கொண்டுபோய்ப் பூசும்.

கூர்முனை:

அருமை. மானுக்கு இதுதான் வழி. ஆனால் எல்க், மூஸ் என்றால் நான் வயிற்றைத் திறப்பதே இல்லை. 300 கிலோ உடம்பைத் தனியாளால் மல்லாக்க நிறுத்திப் பிடிக்கவும் முடியாது.

ஒருக்களித்துப் படுத்தபடியே முதுகெலும்பு நெடுக, கழுத்திலிருந்து வால் வரை தோலைக் கீறு. வயிற்றுப் பக்கமாக உரித்துக்கொண்டு வா. உரித்த தோல் தரையில் விரிந்து கிடக்கும், அதுவே உனக்கு விரிப்பு. அதன் உட்பக்கம் மட்டும் கறியைத் தொடலாம். முன்காலைத் தூக்கினால் அது தசையால் மட்டுமே ஒட்டியிருப்பது தெரியும், மூட்டே இல்லை. பத்து வெட்டில் கையோடு வந்துவிடும். பின்தொடையை இடுப்பெலும்பின் ஓரமாகவே கத்தியை ஓட்டி, அந்தப் பந்து மூட்டைத் திறந்து கழற்று. முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடும் முதுகுக் கறி, கழுத்துக் கறி, விலாக் கறி. கடைசி விலாவுக்குப் பின்னால் கீறி, இரைப்பையைக் கையால் கீழே அழுத்திக்கொண்டு, முதுகெலும்பின் உட்பக்கம் இருக்கும் மெல்லிய கறியை விரலாலேயே விடுவித்து எடுத்துவிடலாம். அப்புறம் புரட்டி மறுபக்கம். ஈரலும் இதயமும் வேண்டும் என்றால் எல்லாம் முடிந்தபின் திறந்து எடுத்துக்கொள்.

ஒன்று மறக்காதே. இரைப்பை செத்தபிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும். வயிற்றைத் திறக்காத முறையில் மெத்தனம் கூடாது, ஒரு மணி நேரத்தில் வயிறு மேளம் மாதிரி உப்பிவிடும்.

பல இடங்களில் விலங்கு ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் கறியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. உரிமப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கத்தியை எடுங்கள்.

ஆற்றங்கரை:

எல்லாம் சரி, தண்ணீரைப் பற்றி யாருமே பேசவில்லையே? எங்கள் குழுவில் குடல் எடுத்ததும் ஓடையில் இழுத்துப்போய் நன்றாக அலசுவோம். உள்ளே பளபளவென்று ஆகிவிடும். சூடும் இறங்கும். இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. பெரிய இறைச்சிக் கூடங்களிலும் கழுவத்தானே செய்கிறார்கள்?

பனித்தடம்:

ஆற்றங்கரை ஐயா, நீங்கள் அக்கறையோடுதான் செய்கிறீர்கள், ஆனால் இதில் நான் ஒத்துப்போக மாட்டேன்.

இறைச்சிக் கூடத்தில் கழுவுவது குடிநீர். பல இடங்களில் கொதிக்கும் நிலையை நெருங்கும் வெந்நீர், அல்லது லாக்டிக் அமிலம் கலந்த நீர். கழுவிய கையோடு உடம்பு குளிர் அறைக்குப் போகிறது, விசிறிக் காற்றில் உலர்கிறது. அதுவும்கூட, சாணம் ஒட்டிய இடத்தைக் கத்தியால் சீவி எடுத்த பிறகுதான். ஓடைத் தண்ணீரில் மேலே எந்த விலங்கு என்ன செய்ததோ நமக்குத் தெரியாது. ஜியார்டியா மாதிரியான ஒட்டுண்ணிகள் பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் ஓடையிலும் இருக்கும். ஒரு உள்ளங்கை அளவு இருந்த அழுக்கைத் தண்ணீர் நெஞ்சுக்கூடு முழுக்கப் பரப்பிவிடும். பளபளப்பு கண்ணுக்கு மட்டும்தான். அதற்கும் மேலே ஈரம். ஈரமான கறியில் கிருமி வளர்வது போல உலர்ந்த கறியில் வளராது.

இரைப்பை கிழிந்து கொட்டிவிட்டால், உடனே திட்டமாகத் துடைத்து எடுங்கள், பட்ட இடத்தைச் சுற்றி விரற்கடை அகலம் கூட்டியே சீவி எறியுங்கள். அதற்குத் தனிக் கத்தி, அல்லது துடைத்த கத்தி. கழுவித்தான் தீர வேண்டும் என்றால் கையில் இருக்கும் குடிநீரை அந்த இடத்தில் மட்டும் ஊற்றி, உடனே சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள்.

ஆற்றங்கரை:

சீவி எடுத்தால் கறி வீணாகிறதே என்றுதான் கழுவிவந்தோம். அந்த வெந்நீர் விஷயம் எனக்குத் தெரியாது. இந்த முறை ஒரு கட்டுத் துணி எடுத்துப்போகிறேன். குழுவில் இருக்கும் பெரியவர்களிடமும் சொல்லிப் பார்க்கிறேன்.

வெட்டுப்பலகை:

ஐயா, உலர்ந்த கறியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நிழலில், காற்றில் தொங்கவிட்ட நாலைந்து மணி நேரத்தில் மேலே ஒரு மெல்லிய ஏடு கட்டும். விரலை வைத்தால் ஒட்டாது, காய்ந்த பசை மேல் தடவுவது போல இருக்கும். அந்த ஏடுதான் காவல். ஈ அதில் முட்டையிட விரும்பாது, அதற்கு ஈரமான மடிப்பும் இரத்தம் கட்டிய இடமும் வேண்டும்.

அதனால்தான் துணிப்பை. பருத்தியோ, காற்று நுழையும் வேறு துணியோ. பிளாஸ்டிக் பையில் சூடான கறியைப் போட்டுக் கட்டுவது, போர்வைக்குள் அடுப்பை வைத்துக் கட்டுவது மாதிரி. சூடும் போகாது, வேர்த்து ஊறும்.

புதுத்தடம்:

ஈ முட்டை இட்டுவிட்டால் கறி அவ்வளவுதானா?

வெட்டுப்பலகை:

இல்லை. வெள்ளை ரவை தூவின மாதிரிக் கொத்தாக இருக்கும். புழுவாகும் முன் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த மேல்பரப்பைச் சீவிவிடலாம். வெயில் காலத்தில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும், அதனால் காலையும் மாலையும் பையைத் திறந்து பார். குண்டு பட்ட காயம், மூட்டுக் குழி, மடிப்பு, இந்த மூன்றும்தான் ஈக்குப் பிடித்த இடங்கள்.

காயத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. இரத்தம் கட்டிக் கறுத்த கறியை இரக்கம் பார்க்காமல் எடுத்துவிடு. ஈயக் குண்டு என்றால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து ஓர் அடிக்கும் மேலே சிதறியிருக்கும். கழுவினால் அவை இடம்தான் மாறும். நான் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன், வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள்.

பனித்தடம்:

குடல் எடுக்கும்போதே உள்ளே பார்க்கப் பழகுங்கள். ஈரல் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். நெஞ்சுச் சுவரிலோ நுரையீரலிலோ முத்து முத்தாகக் கட்டிகள், சீழ், விலாவோடு நுரையீரல் ஒட்டிக்கொண்டிருப்பது: இவற்றில் ஏதாவது கண்டால் கறியை ஒதுக்கி வைத்து வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள்.

மான் இனத்தில் நாட்பட்ட மெலிவு நோய் உள்ள பகுதியில் வேட்டையாடுகிறவர்கள் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்காமல் சாப்பிட வேண்டாம். 1967இல் கொலராடோவில் வளர்ப்பு மான்களில் முதலில் கண்டார்கள். 2016இல் நார்வேயின் காட்டுக் கலைமான் ஒன்றிலும் தெரிந்தது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனால் அந்த நோய்க்குக் காரணமான பிரியான் என்ற திரிந்த புரதம் சமைத்தாலும் அழியாது. மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள், இவற்றில் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பை ரம்பத்தால் இரண்டாகப் பிளக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கூர்முனை அண்ணா சொன்ன முறையில் அது தேவையே இல்லை.

காட்டுப்பன்றி என்றால் கையுறை கட்டாயம். கையில் ஒரு சிறு வெட்டு போதும், புருசெல்லா என்ற நோய்க்கிருமி உள்ளே போகும். பன்றி, கரடி இரண்டின் கறியையும் உள்ளே 71 டிகிரி எட்டும்வரை வேகவைக்க வேண்டும். குளிர்ப்பிரதேசக் கரடியில் இருக்கும் ஒருவகை டிரிகினெல்லா புழு உறைபெட்டியிலும் சாகாது.

மலைக்காற்று:

ஒரு சந்தேகம். இதையெல்லாம் படித்தபிறகு, சுட்டதும் கறியை உடனே பனிக்கட்டிக்குள் புதைத்துவிடலாம் போலத் தோன்றுகிறது. அதில் தவறு உண்டா?

வெட்டுப்பலகை:

எல்க் தொடையைப் பனிக்கட்டியில் வைத்தாலும் உள்ளே அவ்வளவு சீக்கிரம் குளிராது, பயப்பட வேண்டாம். சின்ன மானில் கவனம் வேண்டும். உடம்பு விறைத்து மீண்டும் தளர்வதற்கு ஒரு நாள்போல ஆகும். விறைப்பு முடியும் முன், எலும்பிலிருந்து பிரித்த சின்னத் துண்டுகள் 10 டிகிரிக்குக் கீழே போனால் தசை சுருங்கி ரப்பர் மாதிரி ஆகிவிடும். எலும்போடு இருந்தால் சுருங்க வழியில்லை. அதனால் மானுக்குக் கால்களை எலும்போடே விட்டு, நிழலில் குளிரவிட்டு, மறுநாள் 1 முதல் 4 டிகிரிக்குள் வை. வெயில் காலத்தில் வேறு வழியே இல்லை என்றால் பனிக்கட்டிதான். கடினமான கறியை மெதுவாக வேகவைத்துச் சாப்பிடலாம், கெட்ட கறியை ஒன்றும் செய்ய முடியாது. உருகிய தண்ணீரில் கறி ஊறாமல் பெட்டியின் அடைப்பைத் திறந்து வை.

சுட்டு, ஓடவிட்டு, நெடுநேரம் துரத்திப் பிடித்த விலங்கின் கறி கறுத்து, பிசுபிசுப்பாக இருக்கும். தசையில் இருந்த சர்க்கரை ஓட்டத்திலேயே தீர்ந்துபோவதால், செத்தபின் கறி போதுமான அளவு புளிப்பேறாது. அது சீக்கிரம் கெடும். முதல் குண்டு சரியாகப் படும்வரை காத்திருப்பதும் கறியைக் காப்பாற்றும் வேலையில் சேர்த்திதான்.

மலைக்காற்று:

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னியுங்கள். அடுத்த பருவம் முடிந்து இன்றுதான் வீடு வந்தேன்.

இந்த முறை ஒரு பெண் எல்க். மறுபடியும் சாயங்காலம்தான், ஆனால் நண்பர் ஒருவரைக் கூட்டிப்போயிருந்தேன். வயிற்றைத் திறக்காமல், கூர்முனை அண்ணா சொன்னபடி. அவர் காலைத் தூக்கிப் பிடித்தார், நான் அறுத்தேன். ரோமத்தைத் தொடும் கை இடது, கறியைத் தொடும் கை வலது என்று வைத்துக்கொண்டேன். தோல் உரித்து முடிந்ததும் கத்தி அலகை மாற்றினேன். பின்தொடை இரண்டிலும் எலும்பு நெடுகக் கீறித் திறந்துவிட்டு, துணிப்பையில் போட்டு, குடல் கிடந்த இடத்திலிருந்து நூறு எட்டு தள்ளி, மரக்கிளையில் காற்றுப்படத் தொங்கவிட்டோம். இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று.

கறி வெப்பமானி ஒன்று வாங்கியிருந்தேன். தொங்கவிட்டதும் எலும்போரம் 33 டிகிரி. இரவு பத்து மணிக்கு 19. விடியும்போது 6. பையைத் திறந்து மூட்டில் மூக்கை வைத்து மோந்தேன். ஈர இரும்பு மாதிரி ஒரு லேசான வாடை, அவ்வளவுதான். நண்பர் ஏன் கண்ணைத் துடைக்கிறாய் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து வெட்டும்போது முதுகுக் கறியின் குறுக்கு வெட்டில் பச்சையும் ஊதாவுமாக வானவில் மாதிரி ஒரு மினுக்கம் தெரிகிறது. பழைய பயம் திரும்பிவிட்டது. இது கெட்டதற்கு அடையாளமா?

வெட்டுப்பலகை:

இல்லை தம்பி. நாருக்குக் குறுக்கே கூரான கத்தியால் வெட்டினால், தசை நார்களின் முனையில் ஒளி பட்டுச் சிதறி அப்படித் தெரியும். துண்டைக் கொஞ்சம் திருப்பிப் பார், நிறம் மாறும் அல்லது மறையும். கெட்ட கறியின் பச்சை எப்படித் திருப்பினாலும் மாறாது, வாடையும் கொழகொழப்பும் கூடவே வரும். உன் மூக்கு என்ன சொல்கிறது?

மலைக்காற்று:

திருப்பிப் பார்த்தேன், மறைந்துவிட்டது. வாடை ஒன்றும் இல்லை. மிச்சத்தையும் வெட்டிக் கட்டப் போகிறேன்.